பருத்தித்துறை வீட்டு முகப்பு: மரப் பூவேலைக்குப் பதிலாக என்ன போடலாம்?

வடலி:
வணக்கம் உறவுகளே. எங்கள் பழைய வீட்டின் முன்விறாந்தை பற்றி ஒரு ஆலோசனை வேண்டும். பருத்தித்துறை, ஓட்டுக்கூரை, மேற்குப் பார்த்த வாசல், கடல் கூப்பிடு தூரம். கூரை விளிம்பு முழுக்க அரையடி அகலத்தில் பூ வெட்டிய தொங்கல் பலகை ஓடுகிறது. நான்கு கடைசல் தூண்கள். தூணுக்குத் தூண் மேல்பாதியில் மரக் கிராதி. அப்பா இருந்த காலத்தில் ஊர்க்கோயில் கொடியேற்றத்துக்கு முன் வருசா வருசம் பெயின்ற் அடிபடும். இப்போது அம்மா மட்டும்தான் அங்கே. நான் கொழும்பில், அண்ணை கனடாவில்.

பலகையின் மேல்விளிம்பு உக்கிவிட்டது. ஆணி இறங்கிய இடமெல்லாம் கறள் வழிந்து கறுத்த கோடு. கிராதியின் ஒரு பக்கத்தைத் தட்டினால் உள்ளே மண் கொட்டுகிறது. கறையான் பெயின்ற்றை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது.

ஓடாவியார் தேக்கில் புதிதாகச் செய்வோம் என்கிறார். ஹாட்வெயார்க் கடைக்காரர் டபிள்யூ.பி.சி. (மரத்தூள் கலந்த பிளாஸ்ரிக்) பலகையைக் காட்டி, இதைப் பூட்டினால் பிறகு திரும்பியும் பார்க்கத் தேவையில்லை என்கிறார். அண்ணை பி.வி.சி.தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: அம்மா யாரையும் ஏணியில் ஏற்றாமல் ஒரு பத்து வருசம் ஓடவேண்டும், வீட்டின் வடிவும் கெடக்கூடாது.

ஓடாவி_பேரன்:
தம்பி, சாமானைப் பற்றிப் பேசமுன் ஒன்றைச் சொல்லுங்கள். அந்த நான்கு தூணும் கூரையைத் தாங்குகின்றனவா, அல்லது சும்மா நிற்கின்றனவா? மேலே வளைமரம் (கூரையைத் தாங்குகிற குறுக்கு மரம்) தூணில் குந்தியிருந்தால் அது பாரம் சுமக்கிற தூண். அந்த இடத்தில் எந்தப் பிளாஸ்ரிக்கும் வரக்கூடாது. கடைக்காரர் எவ்வளவு சத்தியம் பண்ணினாலும் சரி. தொங்கல் பலகையும் கிராதியும் வேறு விசயம், அவை நகை மட்டும்தான்.

தேக்கு பற்றி: இப்போது சந்தைக்கு வருவது பெரும்பாலும் இளம் தோட்டத்துத் தேக்கு. வைரம் பாயாத வெள்ளைப் பகுதியைக் கறையான் விட்டுவைக்காது. பழைய வீடுகளில் முதிரையும் பாலையும் வைரம் பாய்ந்த பனையும் நின்றுபிடித்ததைப் பார்த்துவிட்டு, மரம் என்றால் எல்லாம் அப்படித்தான் என்று நினைக்கிறோம்.

ஸ்காபரோ_வாசி:
இங்கே ரொறன்ரோவில் முகப்பு அலங்காரத்துக்குப் பி.வி.சி.தான் அதிகம் போடுகிறார்கள், வடலியின் அண்ணை அதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். தண்ணிக்குழாய் பி.வி.சி. இல்லை இது. உள்ளே நுண்ணிய காற்றறைகள் விட்டு நுரைத்துச் செய்த திண்மப் பலகை. மர வாளாலேயே அறுக்கலாம், றவுட்டர் பிடித்துப் பூ வெட்டலாம், தண்ணி குடிக்காது, கறையானுக்கு அதில் சாப்பாடும் இல்லை. மரத்தில் பெயின்ற் உரிவதற்குப் பெரிய காரணம் உள்ளே போய் வருகிற ஈரம். இதில் ஈரம் ஏறாதபடியால் அடித்த பெயின்ற் கனகாலம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளையாகவே விடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

ஒரு குணம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். இங்கே குளிர்காலம் மறை 20 பாகைக்குப் போகும், கோடையில் 30ஐத் தாண்டும். 3 மீற்றர்ப் பலகை அந்த 50 பாகைக்குள் 9 மில்லிமீற்றர் அளவுக்கு ஓடியாடும். இறுக்கிப் பூட்டினால் நடுவில் வில்லாக வளையும், அல்லது மூட்டு வாயைப் பிளக்கும்.

கச்சான்:
ரொறன்ரோ கதை பருத்தித்துறைக்குச் சரிவராது. அங்கே எதிரி பனி. இங்கே வெய்யிலும் உப்பும் கறையானும். காரைநகரில் என் மாமா வீட்டில் கடும் மண்ணிறத்தில் டபிள்யூ.பி.சி. போட்டார்கள். ஆரம்பத்தில் பார்த்தவர்கள் எல்லாம் மரம் என்றே நம்பினார்கள். பிறகு மேற்குப் பக்கம் சாம்பல் பூத்தது, கிழக்குப் பக்கம் அப்படியே மண்ணிறம். இப்போது ஒரே முகப்பில் இரண்டு வீடு தெரிகிறது. அறுத்த நுனிகள் மாரியில் ஊதி, அந்த இடத்தில் கறுப்புப் பூஞ்சணமும் பிடித்திருக்கிறது. விற்ற கடைக்காரரிடம் கேட்டால் 'கழுவி விடுங்கோ' என்கிறார்.

அரியாலை_அக்கா:
கச்சான், மாமா வீட்டில் நடந்தது பிளாஸ்ரிக்கின் பிழை என்று மொத்தமாகச் சொல்லமுடியாது. நான் கட்டடத்துறையில் இருக்கிறேன், இதை அடிக்கடி பார்க்கிறேன். டபிள்யூ.பி.சி. என்ற ஒரே பெயரில் கடையில் இரண்டு வேறு சாமான் கிடக்கிறது.

ஒன்று மரத்தூளையும் பொலிஎதிலீனையும் உருக்கிக் கலந்து அச்சில் தள்ளிய கனமான பலகை. தோட்டத்து மேடைக்கும் வேலிக்கும் வருவது. நிறையில் பாதி அளவுக்கு மரத்தூள், அதனால் அறுத்த முனையால் ஈரம் இழுக்கும், நிறமும் வெளிறும். வெளியே பிளாஸ்ரிக் தோல் போர்த்து வருகிற வகை வெளிறுவது குறைவு, ஆனால் அறுத்தால் அந்த இடத்தில் தோல் இல்லை. இன்னொன்று: இந்த வகை பெரும்பாலும் உள்ளே வெறுங்கூடு. வடலியின் வீட்டுப் பூவேலையை அதில் வெட்டினால் ஒவ்வொரு பூவிலும் கூட்டின் வாய் திறக்கும். பூவேலைக்கு அது உதவவே உதவாது.

மற்றது சமையலறைக் கபேர்ட்டுக்கு வாங்குகிற இலேசான வெள்ளைப் பலகை. உண்மையில் அது நுரைத்த பி.வி.சி.தான், மரத்தூள் பேருக்கு இருந்தால் உண்டு. ஸ்காபரோ சொல்லுகிற பலகைக்கு இது சொந்தக்காரன், ஆனால் எல்லாம் வெளிவேலைக்குச் செய்ததில்லை. வெய்யிலைத் தாங்க உள்ளே ரைற்றேனியம் டயொக்சைட்டும் நிலைப்படுத்திகளும் போதிய அளவு வேண்டும். கபேர்ட் தரத்தில் அதைக் குறைத்துவிடுவார்கள். வெளியே பூட்டினால் மஞ்சளித்து, தொட்டால் மா உதிரும், பிறகு நொறுங்கும்.

கடையில் பார்த்துப் பிடிக்க ஒரு வழி. 18 மி.மீ. பலகையில் 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் துண்டு ஒன்று வெட்டித்தரச் சொல்லி, பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் போடுங்கள். 100 கிராமுக்குக் கிட்ட நின்றால் அடர்த்தி தண்ணியின் 0.55 மடங்கு அளவில் இருக்கிறது, நல்லது. 70 கிராம் என்றால் காற்றுக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். அறுத்த முகத்தையும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல பலகை ஓரத்திலிருந்து நடுவரை ஒரே நெருக்கமாக இருக்கும். மலிவானது பாணின் உட்புறம் மாதிரி, நடுவில் ஓட்டை பெருத்து நகம் இறங்கும். அதில் ஸ்குரூவும் பிடிக்காது.

வெய்யில் தரமா என்பதைத் தராசு சொல்லாது. வெளிவேலைக்கு என்று தயாரிப்பாளர் எழுத்தில் கொடுத்த தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரரின் வாய்ச் சத்தியம் கணக்கில்லை.

பனங்கொட்டை:
பனங்காட்டுக்குள் பிறந்துவிட்டுப் பிளாஸ்ரிக் பலகைக்குத் தராசு தூக்குகிறோம். நல்லது.

ஓடாவி_பேரன்:
பனங்கொட்டை, பனை தறிக்க அனுமதி எடுக்கவேண்டும், அது உங்களுக்குத் தெரியாததல்ல. தவிர, பனையில் பூவேலை வராது. வெளிவைரம் இரும்பு, உள்ளே சோற்றி. சிலாகைக்கும் (கூரையின் சரிவுச் சட்டம்) வளைக்கும் அதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் நார் நீளத்துக்கு ஓடுவதால் பூவின் இதழை வெட்டும்போதே தும்பு தும்பாகப் பிரியும்.

வடலி:
எல்லோருக்கும் நன்றி. ஓடாவி_பேரன் அண்ணை, நீங்கள் கேட்டபடி ஆள் விட்டுப் பார்த்தேன். வளைமரம் தூணில்தான் இருக்கிறது. தூண்கள் மேலே திடம், அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் மெதுமெதுப்பு. சிலாகை பனைதான், கல்லாக நிற்கிறது. அப்படியென்றால் தூணை விட்டுவிட்டுத் தொங்கல் பலகையையும் கிராதியையும் மட்டும் மாற்றலாமா? தூணுக்கு மேல் பி.வி.சி. உறை போட்டு மூடினால் பார்க்க ஒரேமாதிரி வரும் என்று அண்ணை சொல்லுகிறார்.

இன்னொரு பிரச்சினை, நிறம். பழைய நிறம் கடும் பச்சை. அம்மாவுக்கு அது மாறக்கூடாது.

ஓடாவி_பேரன்:
உறை போடவேண்டாம். உக்கத் தொடங்கிய மரத்தைக் காற்றுப் போகாமல் பிளாஸ்ரிக்கால் மூடினால் உள்ளே புழுங்கி இன்னும் கெதியாக உக்கும், வெளியே தெரியவும் தெரியாது. தெரியவரும் நாளில் வளைமரம் இறங்கியிருக்கும். தூணின் அடியை வைரம் வரும்வரை வெட்டி எடுத்து, அந்த உயரத்துக்குக் கல்லோ கொன்கிறீற்றோ பீடம் வையுங்கள். மரத்தின் அடி பீடத்தில் நேரே குந்தாமல் இடையில் ஒரு ஸ்ரெயின்லெஸ் தகடு. பழைய நாற்சார் வீடுகளில் மரத்தூணைக் கல்லில் நிறுத்தியது வடிவுக்கு மட்டும் இல்லை. கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தூணில் கை வைக்கவேண்டும், அதை மறக்கவேண்டாம். விறாந்தைக்குள் நிற்கிற தூணுக்கு மழை நேரே படாது. அதற்குப் பெயின்ற் அடிக்க ஏணியும் தேவையில்லை, ஒரு ஸ்ரூல் காணும்.

அரியாலை_அக்கா:
நிறம் பற்றி. பி.வி.சி. 80 பாகையை எட்டும்போது நெகிழத் தொடங்கும், அதற்கு முன்பே தன் பாரத்தில் தொய்யப் பார்க்கும். மேற்கு வெய்யிலில் வெள்ளைப் பலகை காற்றின் சூட்டை விடச் சிறிது கூடத்தான் சூடாகும். அதே பலகைக்குக் கடும் பச்சை அடித்தால் கை வைக்கமுடியாத சூடு வரும். வட அமெரிக்காவில் இந்தப் பலகை செய்பவர்கள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் அளவு நூற்றுக்கு 55க்குக் குறைந்த நிறம் என்றால் சாதாரண பெயின்ற் அடிக்கவேண்டாம் என்கிறார்கள். பெயின்ற் கடை நிற அட்டையின் பின்பக்கத்தில் இந்த அளவை அச்சடித்திருப்பார்கள் சிலர், பாருங்கள். கடும் பச்சை 10 கூட வராது. இளம் பச்சை, தந்தம், மங்கல் மஞ்சள் எல்லாம் சரி.

பெயின்ற் தண்ணியில் கரைக்கிற முழு அக்ரிலிக்காக இருக்கட்டும். எண்ணெய் எனாமல் வேண்டாம். பலகை நீளும்போது அது கூட நீளாமல் வெடிக்கும்.

அம்மாவுக்குப் பச்சை வேண்டும் என்றால் தூணுக்கும் யன்னல் நிலைக்கும் பச்சை, தொங்கல் பலகைக்குத் தந்தம். பழைய வீடுகளில் இரண்டு நிறம் அடித்தது உண்டு.

நல்லூர்_அலுமினியம்:
நான் அலுமினிய வேலை செய்கிறவன், அதனால் என் பக்கம் சாய்ந்து பேசுவேன் என்று முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கிராதிக்கு அலுமினியம் போடுங்கள். பவுடர் கோட் (தூளைத் தூவிச் சூட்டில் உருக்கிய பூச்சு) அடித்த குழாய், கடும் பச்சையே அடிக்கலாம், சூட்டில் தொய்யாது. 3 மீற்றருக்கு 30 பாகைச் சூட்டில் 2 மி.மீ.தான் நீளும். மர வரி அச்சிட்டதும் வருகிறது, ஆனால் கிட்ட நின்று பார்த்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். எனக்கே அது பிடிக்காது.

கடல் பக்கம் என்றால் இரண்டு கவனம். வெட்டி, துளைபோட்டு முடித்த பிறகுதான் பவுடர் கோட்டுக்கு அனுப்பவேண்டும். கோட் அடித்து வந்த குழாயை வெட்டினால் வெட்டு வாயால் உப்பு உள்ளே நுழைந்து, கோட்டுக்கு அடியால் புழு ஓடிய தடம் மாதிரி அரித்துக்கொண்டு போகும். மற்றது, சாதாரண இரும்பு ஸ்குரூ படவே கூடாது. இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும். ஈரச் சீமெந்தும் தெறிக்கவிடாதீர்கள், அது அலுமினியத்தைச் சுட்டுத் தழும்பாக்கும். மேசன்மார் வேலை முடிந்த பிறகு பூட்டுங்கள்.

தொங்கல் பலகைக்கு நான் அலுமினியம் சொல்லமாட்டேன். தகட்டில் வெட்டலாம், ஆனால் மெல்லிசாக, பிஸ்கற் டின் மூடி வெட்டியது மாதிரித்தான் இருக்கும். மரப்பலகையின் தடிப்பு தருகிற நிழல் அதில் விழாது.

கச்சான்:
சீமெந்து வார்ப்பை ஏன் ஒருவரும் பேசவில்லை? யாழ்ப்பாணத்தில் சீமெந்து அழி வார்க்கிற ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கோபுரத்துக்குச் சிலை செய்கிற கைகள் ஒரு பூப்பலகை செய்யாதா?

அரியாலை_அக்கா:
செய்யும், திறமாகவே செய்யும். பாரம்தான் பிரச்சினை. பழைய சிலாகை நுனியில் சீமெந்துப் பலகையைத் தொங்கவிட எனக்குத் துணிவில்லை. உள்ளே கம்பி வைத்தால் கடற்கரையில் அது கறள் பிடித்துப் பருத்துச் சீமெந்தைப் பிளக்கும். அதைப் பருத்தித்துறை வீதியில் நடந்து எந்த மதிலிலும் பார்க்கலாம். கண்ணாடி இழை கலந்த வார்ப்பில் கம்பி தேவையில்லை, ஆனால் காரம் தாங்கும் சிர்கோனியா கலந்த இழையே வேண்டும். சாதாரணக் கண்ணாடி இழையைச் சீமெந்தின் காரம் தின்றுவிடும்.

நார்ச்சீமெந்துப் பலகை எரியாது, உக்காது. வெறும் நேர்ப்பலகைக்கு நல்லது. பூவேலைக்கு நொறுங்கும். அறுக்கும்போது பறக்கிற தூசியில் சிலிக்கா உண்டு, வாயில் லேஞ்சி கட்டினால் போதாது, சரியான முகமூடி வேண்டும்.

பனங்கொட்டை:
அக்கா, நார்ச்சீமெந்து என்றால் அந்த ஆஸ்பெஸ்ரஸ் தகடா? அதைத் தடை செய்யப்போகிறோம் என்றார்கள், 2017 கடைசியில் ரஷ்யா எங்கள் தேயிலையை வாங்கமாட்டேன் என்றதும் தடை தள்ளிப்போனது. தேயிலைக்குள் ஒரு வண்டு இருந்ததாம்.

அரியாலை_அக்கா:
இல்லை, இப்போது அலங்காரத்துக்கு விற்கிற நார்ச்சீமெந்துப் பலகைகளில் ஆஸ்பெஸ்ரஸ் இல்லாத, மரக்கூழ் நார் போட்ட வகை கிடைக்கிறது. பொதியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். பழைய ஆஸ்பெஸ்ரஸ் தகடு வளவில் கிடந்தால் அதை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். வண்டுக் கதையை வேறு திரியில் வைத்துக்கொள்வோம்.

கோப்பாய்_கிணறு:
ஒருவரும் சொல்லாத ஒன்று. மாதம் ஒருமுறை ஹோஸ் பிடித்துக் கழுவினால் போதும் என்று எல்லாப் பிளாஸ்ரிக்குக்கும் சொல்லுகிறார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிறது. வெய்யிலில் கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் துளி காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. கடும் நிறத்தில் அது இன்னும் பளிச்சென்று தெரியும். கேத்தில் அடியில் படிகிற அதே சாமான்தான். பின்னேரம், வெய்யில் இறங்கினபிறகு கழுவி, துணியால் ஒற்றிவிடுங்கள். படிந்துவிட்டால் தேசிக்காய்ப் புளி தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் பி.வி.சி.யில் போய்விடும். அலுமினியக் கோட்டில் அதை விட்டுவைக்க வேண்டாம், உடனே கழுவவேண்டும்.

உண்மையைச் சொன்னால் மாரி மழையே அந்தக் கழுவல் வேலையைப் பாதி செய்துவிடும். கழுவத் தேவையானது கூரைக்குக் கீழே மழை படாத, உப்பு மட்டும் படிகிற பகுதி. அங்கேதான் ஒருவரும் கழுவுவதில்லை.

ஸ்காபரோ_வாசி:
வடலி, பழைய பலகையை எறியவேண்டாம். நல்லதாக மிச்சமிருக்கிற ஒரு துண்டை இறக்கி, பெயின்ற் படைகளைச் சுரண்டிவிட்டு, தடித்த அட்டையில் வைத்துப் பென்சிலால் வரையுங்கள். பெயின்ற்றோடு வரைந்தால் வருசக்கணக்காக அடித்த படைகள் சேர்ந்து பூ ஒவ்வொரு பக்கமும் பருத்திருக்கும், இதழுக்கு இடையிலான வெளி சுருங்கியிருக்கும். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்க்காமல் ஈரமாக்கிச் சுரண்டுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது.

கொம்பியூட்டர் றவுட்டரில் வெட்டக் கொடுப்பதென்றால் ஒன்று கவனியுங்கள். 6 மி.மீ. அலகு சுற்றி வருகிற உள்மூலை எல்லாம் 3 மி.மீ. ஆரையில் உருண்டுதான் வரும். பழைய ஓடாவியார் வாளாலும் உளியாலும் இதழ் இதழைச் சந்திக்கிற இடத்தைக் கூராக எடுத்திருப்பார். அந்தக் கூர் இல்லாவிட்டால்தான் பார்க்கிறவருக்கு ஏனென்று தெரியாமலே இது பிளாஸ்ரிக் என்று படும். வெட்டி வந்தபிறகு ஒவ்வொரு மூலையையும் அரத்தால் எடுக்க ஆள் பிடியுங்கள். பி.வி.சி. மெது, கெதியாக வரும்.

லேசரில் வெட்டக் கொடுக்கவேண்டாம். பி.வி.சி. சுடும்போது ஐதரசன் குளோரைட் வாயு வரும், ஆளுக்கும் கூடாது, இயந்திரத்தையும் அரிக்கும். அதே காரணத்துக்கு வெட்டி மிஞ்சிய துண்டுகளை வளவில் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும் வேண்டாம்.

ஓடாவி_பேரன்:
மூலையை அரத்தால் எடுக்கச் சொன்னீர்களே, அதற்காக உங்களுக்கு ஒரு கும்பிடு.

நுரைத்த பொலியூரிதேனில் வார்த்த பூவேலையும் கொழும்பில் கிடைக்கிறது, வடலி கண்டிருப்பார். பார்க்கச் செதுக்கு வேலை மாதிரியே இருக்கும், பாரமே இல்லை. அதற்குப் பெயின்ற் உரிந்தால் வெய்யில் நேரே தின்னும், அணில் கொறிக்கும், கறையான் சாப்பிடாவிட்டாலும் அதைத் துளைத்துக்கொண்டு சிலாகைக்கு ஏறும். உள்ளறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

வடலி:
சரி, எனக்கு இப்போது ஒரு வழி தெரிகிறது. தூண் மரமாகவே இருக்கும், அடியை வெட்டிப் பீடம். கிராதிக்கு அலுமினியம், கடும் பச்சை, அம்மாவுக்குத் திருப்தி. தொங்கல் பலகைக்கு 18 மி.மீ. வெளிவேலைப் பி.வி.சி., தந்த நிறம். அண்ணையிடம் சொன்னேன், பாதி வென்றேன் என்கிறார்.

இரண்டு சந்தேகம் மிச்சம். கார்த்திகை விளக்கீட்டுக்கு அம்மா விறாந்தை முழுக்கச் சிட்டி விளக்கு வைப்பார், அதை நிறுத்தச் சொல்ல என்னால் ஏலாது. அடுத்தது, பனஞ்சிலாகை நுனியில் இந்தப் பலகையை எப்படிப் பூட்டுவது? ஓடாவியார் ஆணிதான் அடிப்பேன் என்கிறார்.

அரியாலை_அக்கா:
விளக்கைத் தரையிலும் அரைச்சுவரிலும் வைத்தால் ஒன்றும் ஆகாது, பலகை தலைக்கு மேலேதானே. பி.வி.சி. சுடரை எடுத்துவிட்டால் தானாக அணையும் சாமான், ஓலை மாதிரிப் பிடித்து ஓடாது. ஆனால் பற்றாமலே உருகிக் கோணும். தூணில் ஆணி அடித்துத் தொங்கவிடுகிற விளக்கு இருந்தால் அதைப் பலகைக்கு நேர் கீழே விடவேண்டாம்.

ஓடாவி_பேரன்:
ஆணி வேண்டாம் என்று அவருக்கு நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பனை வைரத்தில் ஆணி வளையும், ஸ்குரூ தலை முறியும். முதலில் மெல்லிய அலகால் சிலாகையில் துளை போட்டுவிட்டுத்தான் ஸ்குரூ. 316 தரத்து ஸ்ரெயின்லெஸ் கேளுங்கள். சாதாரண 304 கடலுக்கு இவ்வளவு கிட்ட மண்ணிறமாகக் கசியும். 316இல் மொலிப்டினம் இருக்கிறது, உப்பைத் தாங்கும். விலை கூடத்தான், ஆனால் முழு வேலைக்கும் எத்தனை ஸ்குரூ போகப்போகிறது? கடையில் காந்தம் வைத்துக் காட்டுவார்கள். இரண்டுமே காந்தத்தில் சரியாக ஒட்டாதபடியால் அதை வைத்து 304, 316 பிரிக்க முடியாது. பெட்டியில் அல்லது ஸ்குரூத் தலையில் குறி இருக்கவேண்டும்.

பலகையைச் சிலாகை நுனியில் நேரே அடிக்காமல், நுனிகளுக்குக் குறுக்கே ஒரு முதிரைச் சட்டம் ஓடவிடுங்கள். பலகை அதில் ஏறட்டும். பின்னால் விரல் நுழையும் அளவு காற்று வெளி இருக்கும். இன்னொன்று, பழைய பலகை உக்கியது மரத்தின் குற்றம் மட்டும் இல்லை. ஓட்டு நுனி பலகையின் மேல் விளிம்போடு முடிந்திருக்கும், தண்ணி முழுக்கப் பலகைக்கு மேலால்தான் இறங்கியிருக்கும். கடைசி வரி ஓட்டை இரண்டு விரற்கடை வெளியே தள்ளுங்கள், அல்லது பீலி போடுங்கள். அதைச் செய்யாவிட்டால் பலகை பி.வி.சி.யாக இருந்து தப்பும், சிலாகை தப்பாது. மேல் விளிம்பைச் சீமெந்தால் பூசி மூடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

ஸ்காபரோ_வாசி:
பூட்டும்போது பலகையின் நடுவில் ஒரு ஸ்குரூ மட்டும் சரியான துளையில் இறுகட்டும். மற்றத் துளைகளை எல்லாம் பக்கவாட்டில் நீட்டி, தலைக்குக் கீழே வோஷர் வைத்து, இறுக்கிவிட்டுக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். அப்போது பலகை இரண்டு பக்கமும் நடுவிலிருந்து நீளும். பலகைக்குப் பலகை மூட்டைச் சிலிக்கனால் நிரப்ப ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். முனைகளை 45 பாகையில் சரித்து ஒன்றின்மேல் ஒன்று ஏறவிட்டால் இடைவெளி தெரியாது. மூலையில் இரண்டு பலகை சேருகிற இடத்தை மட்டும் பி.வி.சி. கம் போட்டு ஒட்டலாம், மரப்பசை பிடிக்காது.

வடலி:
மூட்டில் எவ்வளவு இடைவெளி விடச் சொல்லவேண்டும்?

அரியாலை_அக்கா:
எந்த நேரம் பூட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. விடிய, பலகை 25 பாகையில் குளிர்ந்து கிடக்கும்போது பூட்டினால் 3 மீற்றர்ப் பலகைக்கு 5 மி.மீ. பின்னேரம் மேற்கு வெய்யில் அடித்துப் பலகை சூடேறி நிற்கும்போது பூட்டினால் 1 மி.மீ. போதும், இரவில் பலகை சுருங்க இடைவெளி தானே விரியும். ஒரே மூட்டில் ஒரு பலகையைக் காலையிலும் மற்றதைப் பின்னேரமும் பூட்டவிடாதீர்கள். வந்து இறங்கிய பலகையை வெய்யிலில் சாய்த்து வைக்காமல் நிழலில் சமதரையில் பரத்தி வைக்கச் சொல்லுங்கள், சாய்த்தால் பூட்டமுன்னமே வளைந்துவிடும்.

ஓடாவி_பேரன்:
சோளகம் (தென்மேல் காற்று) தொடங்கமுன் முடியுங்கள். மாசி, பங்குனி நல்லது. மாரி ஈரம் சிலாகையிலிருந்து இறங்கியிருக்கும், 3 மீற்றர்ப் பலகையோடு ஏணியில் நிற்கிறவரைக் காற்றும் தள்ளாது. வெட்டுப்பூ ஒன்றிரண்டு கூடுதலாக வெட்டி எடுத்து அறையில் வைத்துவிடுங்கள். தேங்காய் விழுந்து ஒன்று உடைந்தால் அதே நிறத்தில் அதே பூ பிறகு கிடைக்காது.